தட்டில் கண்டதை எழுதுவோம்

(அறிவியல் கண்காட்சிக்கான வழிகாட்டி ஆசிரியர் பயிற்சியில், ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்காட்சி என்றதும் நாம் முதலில் தலைப்பைப் பற்றிப் பேசுகிறோம். அடுத்து சார்ட், தெர்மாகோல், கலர் பேப்பர். அதற்கடுத்து, நடுவர் வந்தால் யார் விளக்குவது என்பது. மாணவர் கையில் இருக்கும் சாதாரண நோட்டைப் பற்றி மட்டும் நாம் பேசுவதில்லை. எனக்குக் கொடுத்த நேரத்தில் அந்த நோட்டைப் பற்றி மட்டுமே பேசலாம் என்று வந்திருக்கிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. எண்ணிக் குறித்து வைக்கும் பழக்கம் உங்கள் வகுப்பில்தானே தொடங்குகிறது!

ஒரே ஒரு செயல்திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். "மவுத்வாஷ் வாயிலுள்ள பாக்டீரியாவைக் குறைக்கிறதா?" நாம் அடிக்கடி பார்க்கும் தலைப்பு. கேள்வி எளிமையானது. பொருள் கடையில் கிடைக்கிறது. விடை எண்ணாக வருகிறது. அதனாலேயே இதில் தவறு செய்வதும் எளிது. நான் செய்த தவறையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பு மாணவியர் மூவர் இந்தத் தலைப்பை எடுத்தார்கள். அருகிலிருந்த கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் உதவினார்கள். ஒவ்வொரு மாணவியும் 10 மில்லி தூய நீரை வாயில் வைத்து 30 விநாடி கொப்பளித்துக் குவளையில் துப்ப வேண்டும். அது "முன்" மாதிரி. பிறகு மவுத்வாஷால் கொப்பளித்து, சற்று நேரம் கழித்து, அதே முறையில் "பின்" மாதிரி. இரண்டையும் ஆயிரம் மடங்கு நீர்த்து, 0.1 மில்லி எடுத்து, வளர் ஊடகம் ஊற்றிய பெட்ரி தட்டில் பரப்பினோம். மூவருக்கும் இரண்டிரண்டு, மொத்தம் ஆறு தட்டுகள். இரண்டு நாள் கழித்துக் காலனிகளை எண்ணினார்கள். வந்த எண்கள் இவை.

முதல் மாணவி: முன் 84, பின் 36.
இரண்டாம் மாணவி: முன் 61, பின் 94.
மூன்றாம் மாணவி: முன் 120, பின் 75.

குழுவின் தலைவி நோட்டோடு என்னிடம் வந்தார்.

"சார், ரெண்டாவது மட்டும் கூடிப்போச்சு."

"தட்டை மாத்தி எண்ணியிருப்பேம்மா. பேரைப் பார்."

"மூடியில 'பின்'னுன்னுதான் சார் எழுதியிருக்கு."

"அப்போ மூடி மாறியிருக்கும். மாத்தி எழுதிடு."

அவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு போய், நல்ல நோட்டில் முன் 94, பின் 61 என்று எழுதினார். சார்ட்டிலும் அதுவே ஏறியது. மூன்று சோடிக் கம்பங்கள், மூன்றிலும் இறக்கம், பார்க்க அழகாக இருந்தது. மாவட்ட அளவில் பரிசும் கிடைத்தது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். மாணவியர் கண்ட எண்களை அப்படியே எடுத்தால் "முன்" சராசரி 88.3, "பின்" சராசரி 68.3. குறைவு ஏறக்குறைய 23 விழுக்காடு. நான் மாற்றச் சொன்னபின் சராசரிகள் 99.3, 57.3. குறைவு 42 விழுக்காடு. இரண்டாம் மாணவியின் தட்டுகளையே தூக்கிப் போட்டிருந்தால் 46 விழுக்காடு. ஆறு தட்டுகளில் இரண்டின் பெயரை மாற்றியதும் மவுத்வாஷின் திறன் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது! மருந்தில் எதுவும் மாறவில்லை. என் வாய்ச் சொல்லில்தான் மாறியது.

மூடி உண்மையிலேயே மாறியிருக்கலாம். மாதிரியைப் பரப்பும்போது இரண்டு தட்டுகளின் மூடிகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்தால், திரும்ப மூடும்போது மாறிப்போக வாய்ப்பு உண்டு. மாறாமலும் இருந்திருக்கலாம். பல்லில் ஒட்டியிருந்த படலம் முதல் கொப்பளிப்பில் தளர்ந்து இரண்டாவதில் உதிர்ந்து வந்திருக்கலாம். குழாயைச் சரியாகக் குலுக்காமல் மாதிரி எடுத்திருக்கலாம். எது நடந்தது என்பதைச் சொல்ல வேண்டிய நோட்டில் மாணவியர் கண்ட எண்ணை மாற்றி எழுதச் சொன்னவன் நான்.

நண்பர்களே, உலகின் முதல் வாய் கொப்பளிப்புச் சோதனைகளில் ஒன்று எப்படிப் பதிவானது தெரியுமா? நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஆண்டனி வான் லீவன்ஹூக் தாமே தேய்த்துச் செய்த லென்ஸால், தம் பல் இடுக்கில் இருந்த வெள்ளைப் பொருளைப் பார்த்தார். அதில் நகரும் சிற்றுயிர்களைக் கண்டார். 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவற்றைப் பற்றிக் கடிதம் எழுதினார். அதே கடிதத்தில் ஒரு சோதனையும் இருக்கிறது. பல் அழுக்கை வெளியே எடுத்து அதில் காடி கலந்தால் உயிர்கள் உடனே மடிந்தன. ஆனால் காடியை வாயில் ஊற்றிப் பல் இடுக்குகளில் பலமுறை ஓடவிட்டுக் கொப்பளித்த பிறகும், பல்லிலிருந்து எடுத்த பொருளில் உயிருள்ளவை ஏராளமாக இருந்தன.

"காடி கொல்கிறது" என்ற முதல் பாதியோடு அவர் நிறுத்தியிருக்கலாம். அது அழகான முடிவு. இரண்டாம் பாதியையும் எழுதினார். பல்லில் இறுகிப் படிந்த பொருளுக்குள் காடி முழுதும் ஊடுருவவில்லை என்று அதிலிருந்து முடிவு செய்தார். பல் படலத்துக்குள் மருந்து எளிதில் புகாது என்பதை இன்று பல் மருத்துவம் அடிப்படைப் பாடமாகச் சொல்கிறது. எதிர்பார்ப்புக்கு மாறான முடிவை மறைக்காமல் எழுதியதால் கிடைத்த பாடம் அது.

தட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1881-இல் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே, ஜெலட்டின் ஊடகம் வெப்பத்தில் உருகிவிடுவதைக் கண்டு திணறினார். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, ஜெல்லி செய்யத் தாம் சமையலறையில் பயன்படுத்திய அகர் அகரைப் பரிந்துரைத்தார். நாம் கடல்பாசி என்று வாங்கி இனிப்பு செய்கிறோமே, அதுதான். இராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கிப் பறித்து வரும் பாசிகளிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். 1882-இல் காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் காக் அகரைக் குறிப்பிட்டார். ஃபேனியின் பெயரைக் குறிப்பிடவில்லை. 1887-இல் ஜூலியஸ் ரிச்சர்ட் பெட்ரி மூடியுள்ள தட்டை அறிமுகம் செய்தார், அவர் பெயர் தட்டிலேயே நிலைத்துவிட்டது. பதிவில் ஏறிய பெயர் நிற்கிறது, ஏறாத பெயரைப் பின்னால் வருபவர்கள் தேட வேண்டியிருக்கிறது. யார் எதைச் செய்தார் என்பதும் நோட்டில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி செய்முறைக்கு வருவோம்.

முதலில், எண்ணுவது எதை? தட்டில் தெரியும் ஒரு புள்ளி ஒரு பாக்டீரியா அல்ல. ஒரு பாக்டீரியாவோ ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு கொத்தோ பெருகி, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்த கூட்டம் அது. ஒரு காலனியில் பல இலட்சம், ஏன் கோடிக்கணக்கான செல்கள்கூட இருக்கும். அதனால் "84 பாக்டீரியா" என்று மாணவர் எழுதினால் திருத்துங்கள். "84 காலனிகள்" என்பதே சரி. அதிலிருந்து கணக்கிடுவதைக் "காலனி உருவாக்கும் அலகு" என்கிறோம். ஆயிரம் மடங்கு நீர்த்ததில் 0.1 மில்லி பரப்பி 84 காலனிகள் வந்தால், ஒரு மில்லி மூல மாதிரியில் 84 பெருக்கல் 10 பெருக்கல் 1000, அதாவது 8,40,000 அலகுகள். நீர்த்த அளவையும் பரப்பிய அளவையும் எழுதாமல் விட்டால் இந்தக் கணக்கே போட முடியாது. இன்னொன்று, வாயில் வாழும் பாக்டீரியாக்களில் பல காற்றில் வளராதவை. அவை நம் தட்டில் தோன்றவே மாட்டா. "இந்தத் தட்டில் வளரக்கூடியவற்றில் இவ்வளவு குறைந்தது" என்பதுவரைதான் நம் மாணவர் சொல்லலாம். "99 விழுக்காடு கிருமிகள் அழிந்தன" என்று சொல்ல நம் தட்டு இடம் தராது.

இரண்டாவது, அட்டவணையைத் தட்டுகளைப் பார்ப்பதற்கு முன்பே வரையச் சொல்லுங்கள். விடை தெரிந்தபின் வரையும் அட்டவணை விடைக்கு ஏற்ப வளையும். என்னென்ன பத்திகள் வேண்டும்? தட்டு எண், மாதிரி எடுத்த நாளும் நேரமும், எத்தனை மடங்கு நீர்த்தது, பரப்பிய அளவு, பரப்பியவர் பெயர், 24 மணி நேர எண்ணிக்கை, 48 மணி நேர எண்ணிக்கை, எண்ணியவர் பெயர், குறிப்பு. கடைசிப் பத்தி அகலமாக இருக்கட்டும். பெரும்பாலும் உண்மை அங்கேதான் இருக்கும்.

மூன்றாவது, தட்டில் எழுதும் இடம். மூடியில் எழுதவே கூடாது, நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. ஊடகம் இருக்கும் அடித்தட்டின் வெளிப்புறத்தில், ஓரமாக, அழியாத மார்க்கரால் எழுத வேண்டும். நடுவில் எழுதினால் காலனிகள் மறையும். தட்டில் "முன்", "பின்" என்றும் எழுத வேண்டாம். 1, 2, 3 என்று எண் மட்டும் போடுங்கள். எந்த எண் எந்த மாதிரி என்ற பட்டியல் ஆசிரியரிடமோ வேறொரு மாணவரிடமோ இருக்கட்டும். எண்ணுகிறவருக்கு எது மவுத்வாஷ் தட்டு என்று தெரியக்கூடாது. நம் பிள்ளைகள் பொய் சொல்வார்கள் என்பதற்காக அல்ல. இரண்டு காலனிகள் ஒட்டியிருந்தால் ஒன்றா இரண்டா என்று முடிவு செய்யும்போது, குறைய வேண்டும் என்று நினைக்கிற மனம் ஒன்று என்று சொல்லும். நமக்கும் அப்படித்தான்.

நான்காவது, ஒப்பீட்டுத் தட்டுகள். எதையும் பரப்பாத ஒரு தட்டு கட்டாயம் வேண்டும். அதில் காலனி வந்தால் ஊடகமோ தட்டோ சுத்தமில்லை என்று பொருள். இன்னொன்று, மவுத்வாஷுக்குப் பதிலாக வெறும் தண்ணீரில் கொப்பளித்த மாதிரி. தண்ணீரே ஓரளவு பாக்டீரியாவை அடித்துக்கொண்டு போகும். நாங்கள் அந்தத் தட்டை வைக்கவில்லை. ஆகவே நான் முன்னே சொன்ன 23 விழுக்காடுகூட மவுத்வாஷால் வந்ததா, கொப்பளித்ததால் வந்ததா என்று எங்களால் சொல்லியிருக்க முடியாது. உப்பு நீரையும் சேர்த்தால் பிள்ளைகளுக்கு ஆர்வம் கூடும். வீட்டில் பாட்டி சொல்வதைச் சோதிக்கிறோம் அல்லவா? ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு தட்டு, முடிந்தால் மூன்று. தட்டு பற்றாவிட்டால் மவுத்வாஷ் வகைகளைக் குறையுங்கள், மறுதட்டைக் குறைக்காதீர்கள்.

ஐந்தாவது, எண்ணும் முறை. தட்டைத் திறக்காமல் தலைகீழாக வைத்து, கறுப்புத் தாளின் மேலோ வெளிச்சத்துக்கு எதிரிலோ அடிப்பக்கம் வழியாகப் பாருங்கள். ஒவ்வொரு காலனியின் மேலும் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே எண்ண வேண்டும். விடுபடாது, இரட்டிக்காது. நெருக்கமாக இருந்தால் அடியில் கோடு போட்டு நான்கு கால்பகுதிகளாக்கி, ஒவ்வொன்றையும் தனியாக எண்ணிக் கூட்டலாம். ஒரே தட்டை இருவர் தனித்தனியே எண்ணட்டும். ஒருவர் 84, இன்னொருவர் 81 என்றால் இரண்டையும் எழுதுங்கள். "84 சரியா, 81 சரியா" என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டு பேர் எண்ணினால் மூன்று வித்தியாசம் வருகிறது என்பதும் ஒரு தரவுதான். ஆய்வகங்களில் வழக்கமாக 30 முதல் 300 காலனிகள் உள்ள தட்டையே கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள். 30-க்குக் கீழே தற்செயல் வேறுபாடு பெரிதாகிவிடும். 300-க்கு மேலே காலனிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மேல்நிலை மாணவர்களுக்கு ஒன்று சொல்லலாம். எண்ணிக்கையின் வர்க்கமூலம் ஏறக்குறைய அதன் தற்செயல் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். 100 வந்தால் 10 கூடக்குறைய, 25 வந்தால் 5 கூடக்குறைய. அதாவது 100-இல் பத்து விழுக்காடு, 25-இல் இருபது விழுக்காடு. எங்கள் 61-க்கும் 94-க்கும் உள்ள 33 வித்தியாசம் இந்தத் தற்செயல் அளவைத் தாண்டியது. ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. அதைத் தேடியிருக்க வேண்டிய இடத்தில் நான் அழிக்கச் சொன்னேன்.

ஆறாவது, எண்ண முடியாதவற்றை எப்படி எழுதுவது? இதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். தட்டு முழுக்கப் பரவியிருந்தால் "எண்ண இயலாத அளவு" என்று எழுத வேண்டும். உத்தேசமாக 500 என்று போடக் கூடாது. காலனியே இல்லை என்றால் 0. எண்ண மறந்துவிட்டால், தட்டு உடைந்துவிட்டால், அங்கே ஒரு சிறுகோடு, பக்கத்தில் காரணம். 0 என்பது பார்த்து அறிந்த விடை. சிறுகோடு என்பது பார்க்கவில்லை என்ற ஒப்புதல். இரண்டையும் ஒன்றாக்கினால் சராசரியே பொய்யாகிவிடும். பஞ்சு போல ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. அதைப் பாக்டீரியாக் காலனியோடு சேர்க்காமல் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928-இல் கண்டதும் கெட்டுப்போன ஒரு தட்டைத்தானே? பூஞ்சையைச் சுற்றி பாக்டீரியா கரைந்திருந்ததைக் கவனித்துப் பதிவு செய்ததால் பெனிசிலின் கிடைத்தது.

ஏழாவது, வெப்பநிலை. நம் ஊரில் "அறை வெப்பநிலை" என்று எழுதினால் எதுவும் புரியாது. ஜனவரிக் காலை வேறு, மே மாத மதியம் வேறு. தட்டுகள் வைத்த இடத்தில் ஒரு வெப்பமானி வைத்து, காலையும் மாலையும் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். எல்லாத் தட்டும் ஒரே இடத்தில், தலைகீழாக இருக்க வேண்டும். நேராக வைத்தால் மூடியில் சேரும் நீர்த்துளி காலனிகள் மேல் விழுந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

எண்ணிக்கையை எழுதியபின் ஒரு தவறு தெரிந்தால்? அழிப்பான் வேண்டாம், வெள்ளை மையும் வேண்டாம். பேனாவால்தான் எழுத வேண்டும். தவறான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு, பழைய எண் படிக்கும்படி தெரிய வேண்டும். பக்கத்தில் புதிய எண், காரணம், தேதி, சுருக்கொப்பம். நம் சம்பளப் பட்டியலிலும் வருகைப் பதிவேட்டிலும் இப்படித்தானே செய்கிறோம்? நமக்குள்ள விதி மாணவர் நோட்டுக்கும் பொருந்தும்.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாயிலிருந்து எடுத்த மாதிரியில் நோய் தரும் கிருமிகளும் வளரலாம். ஆகவே இந்தச் செயல்திட்டத்தை வீட்டில் செய்ய அனுமதிக்காதீர்கள். கல்லூரி ஆய்வகத்தின் துணையோடு, பெற்றோரின் எழுத்து ஒப்புதலோடு செய்யுங்கள். மாணவர் தம் மாதிரியை மட்டும் கையாளட்டும். வாயில் புண், காய்ச்சல், சளி இருப்பவர்களைச் சேர்க்க வேண்டாம். மாதிரியைப் பரப்பியதும் தட்டை ஓரத்தில் டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். அதன்பின் யாரும் திறக்கக் கூடாது, முகர்ந்து பார்க்கக் கூடாது. பள்ளியில் தட்டுகளை 37 டிகிரி உடல் வெப்பநிலையில் வைக்காதீர்கள். நம் உடலில் நோய் தருபவை அந்த வெப்பத்தில் செழிக்கும். கண்காட்சி மேசைக்குத் தட்டு போக வேண்டாம், படம் போதும். எடுக்கும்போதே தட்டு எண்ணும் பக்கத்தில் ஓர் அளவுகோலும் படத்தில் தெரிய வேண்டும். முடிந்தபின் தட்டுகளைக் கல்லூரி ஆய்வகத்திலேயே 121 டிகிரியில் அழுத்தக் கலனில் வைத்து அழிக்கச் சொல்லுங்கள். அழித்த நாளையும் நோட்டில் எழுதுங்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வருகிறேன். சிறு பிள்ளைகளுக்குத் தட்டும் வேண்டாம், மவுத்வாஷும் வேண்டாம், விழுங்கிவிடுவார்கள். உங்களுக்கு இட்லி மாவு இருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி டம்ளர்களில் பாதியளவு மாவு. ஒன்று வெயில் படும் சன்னலோரம், ஒன்று நிழலில். மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் வளையம். மணிக்கு ஒருமுறை எத்தனை சென்டிமீட்டர் ஏறியது என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். நுண்ணுயிர்களின் வேலையைப் பிள்ளைகள் அளவுகோலால் அளந்துவிடுகிறார்கள்! மூன்றாம் வகுப்பில் நேர்க்கோட்டுக் குறிகள் போட்டுப் புளியங்கொட்டை எண்ணுகிறார்களே, அதுவே பின்னாளில் காலனி எண்ணும் முறை. அங்கே ஒரு பிள்ளை 37 என்கிறது, பக்கத்துப் பிள்ளை 38 என்கிறது என்று வையுங்கள். "38-தான் சரி, மாத்து" என்று சொல்லிவிடாமல் "இருவரும் மறுபடி எண்ணுங்கள், இரண்டு முறை எண்ணியதையும் எழுதுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். தான் கண்டதை எழுதினால் ஆசிரியர் கோபிக்கமாட்டார் என்ற தைரியம் அந்தப் பிள்ளைக்கு அன்றே வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் அந்தத் தைரியத்தைப் புதிதாக ஊட்டுவது கடினம்.

நம்மில் பலர் நடுவராகவும் போகிறோம். ஒரு வேண்டுகோள். சார்ட்டைப் பார்ப்பதற்கு முன் "உன் முதல் நோட்டைக் காட்டு" என்று கேளுங்கள். மூன்று தட்டில் இறங்கி ஒன்றில் ஏறியிருந்தால், "இது ஏன் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டு, அந்த விடைக்கு மதிப்பெண் கொடுங்கள். எல்லாக் கம்பமும் ஒரே திசையில் அழகாக இறங்கினால்தான் பரிசு என்று நாம் பழக்கிவிட்டால், பிள்ளைகள் அப்படியே இறக்கிக் கொடுத்துவிடுவார்கள். என்னைப் போன்ற வழிகாட்டி ஆசிரியர்களும் அதற்குத் துணை நிற்போம்.

கடைசியாக, அந்தக் குழுவின் தலைவியைப் பற்றி. அவர் பிறகு ஆய்வக நுட்புநர் படிப்பு முடித்து, இப்போது ஒரு மருத்துவ ஆய்வகத்தில் பணியாற்றுகிறார். நான் ஓய்வுபெற்ற ஆண்டில் வீட்டுக்கு வந்திருந்தார். தம் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நோயாளியின் சிறுநீர் மாதிரியைத் தட்டில் வளர்த்துக் காலனி எண்ணுவதும் அவர் வேலைகளில் ஒன்று. அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருத்துவர் மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பார். தட்டின் அடியில்தான் எழுதுவோம் சார், மூடியில் எழுத விடமாட்டார்கள் என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்.

"சார், அன்னிக்கு அந்தத் தட்டு நெஜமாவே மாறியிருந்துச்சா?"

என்னிடம் விடை இல்லை. தட்டுகளை அப்போதே அழித்துவிட்டோம். நல்ல நோட்டு பரிசோடு பள்ளி அலமாரிக்குப் போனது. அதில் முன் 94, பின் 61 என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறது. அவர் முதலில் எழுதிய நோட்டை அவரே வைத்திருக்கிறார். அதில் 61, 94. இரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்று எந்த நோட்டிலும் ஒரு வரிகூட இல்லை. அன்று நான் "மாத்தி எழுதிடு" என்று சொன்ன இடத்தில், "குறிப்பில் எழுது, மூன்று நாள் கழித்து இன்னொரு முறை செய்து பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால் போதும். மாவட்டப் பரிசு போயிருக்கலாம். அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை கிடைத்திருக்கும்.

உங்கள் மாணவர் யாராவது இந்த ஆண்டு நோட்டோடு வந்து, "சார், ஒண்ணு மட்டும் கூடிப்போச்சு", "டீச்சர், ஒண்ணு மட்டும் சரியா வரலை" என்று நிற்பார். அப்போது அவரிடம் பேனாவை வாங்காதீர்கள். "அப்படியே எழுது" என்று சொல்லுங்கள்.